மோட்டார் வண்டி செய்ய விரும்பும் பிள்ளைக்கு

பள்ளி விடுமுறையில் மோட்டார் வண்டியொன்றைத் தானே செய்து ஓட்டிப் பார்க்கத் தங்கள் பிள்ளை ஆசைப்படுகிறதா? கடைக்காரர் நீட்டும் பெரிய பெட்டியைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காக உருவான ஆர்டுயினோவின் ‘ஊனோ’ பலகை தொடக்கத்திற்குப் போதுமானது. உள்ளே எத்தனை விளக்குகள் என்று எண்ணுவதைவிட, மோட்டார் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். பலகையின் ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம். சிறிய மோட்டாரோ புறப்படும்போது பன்மடங்கு இழுக்கும். நேராக இணைத்தால் பலகையே பழுதாகிவிடக்கூடும். எல்293டி என்னும் சில்லு இடையில் நின்று, ஒவ்வொரு மோட்டாருக்கும் 600 மில்லி ஆம்பியர் வரை வழங்கும்.

மோட்டாருக்குத் தனி பேட்டரி வையுங்கள். சதுர வடிவ 9 வோல்ட் பேட்டரி வேண்டாம், அது ஈடுகொடுக்காது. பேட்டரியின் எதிர்மின் முனையைப் பலகையின் கிரவுண்டு முனையோடு இணைக்க மறவாதீர்கள். எங்கள் வீட்டு வண்டி இரண்டு நாட்கள் அசையாமல் கிடந்தது அந்த ஒரு கம்பி இல்லாமல்தான்.