தட்டின் மேல் ஒரு பெயர்

கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி முடிந்ததும், இரவல் வாங்கிய பாத்திரங்களைப் பிரிக்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. எது யார் வீட்டுத் தட்டு? விளிம்பில் வெட்டிய எழுத்தைப் படித்தால் தீர்ந்தது வழக்கு!

தட்டு கை மாறிப் போகும் கவலை அமெரிக்காவிலும் உண்டு. ஆனால் அங்கே அது சாப்பாட்டுத் தட்டல்ல. 'டிஸ்க் கால்ஃப்' ஆடும் பிளாஸ்டிக் தட்டு. அதைக் கையால் வீசி, சங்கிலிகள் தொங்கும் கூடையில் விழச் செய்ய வேண்டும். 1975-ல் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் இதற்கென ஒரு மைதானம் அமைத்தார். இன்று பல நாடுகளில் ஆடுகிறார்கள்.

வீசிய தட்டு புதரில் மறைவது சகஜம். ஆகவே சுலபத்தில் அழியாத மைப் பேனாவால் பெயர் எழுதி வைக்கிறார்கள். பெயரோடு நின்றுவிடுவார்களா? பூ, பறவை, மலை என்று சித்திரமும் வரைகிறார்கள். போட்டித் தட்டில் அடையாளம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் தடவினால் தட்டுப்படும் கனத்துக்குச் சாயம் ஏறக் கூடாது. மண்ணிலும் கல்லிலும் உரசி மை தேய்ந்தால், மறுபடி எழுத வேண்டியதுதான்.

கரிசல் சீமைக் கோவில்பட்டியில் பாத்திரக் கடைக்குப் போனால் மையைப் பற்றிப் பேச்சே இல்லை. எவர்சில்வர் தட்டை எடுத்ததும், "என்ன பேரும்மா வெட்டணும்?" என்றுதான் கேட்பார்கள். முன்பெல்லாம் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுதுவார்கள். இப்போது மின்சாரத்தில் அதிரும் ஊசி நொடியில் எழுதிவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம்? சீர்த் தட்டில் தகப்பனார் பெயர். அன்பளிப்புப் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயர். தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய தட்டில்கூட மகன் பெயரைச் சொல்லும் தாய் உண்டு. அதில் பரிமாறி, அதையே தேய்த்துக் கவிழ்த்து வைப்பவளின் பெயருக்குத்தான் பல வீடுகளில் இடமில்லை!

பிள்ளைகளின் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மைப் பேனாவே போதும். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவித் துடைத்து, வெளிப்புறத்தில் மட்டும் எழுதி, நன்றாக உலர விடுங்கள். பக்கத்தில் ஒரு பூவும் போட்டால், எழுத்துத் தெரியாத குழந்தைகூடத் தன்னுடையதை அடையாளம் கண்டுகொள்ளும்.

எவர்சில்வர் எழுத்தோ வெட்டியது வெட்டியதுதான். தலைமுறை தாண்டியும் நிற்கும். அடுத்த முறை கடைக்காரர் கேட்கும்போது, ஒரு தட்டுக்காவது தயங்காமல் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பேத்தி அதில் சாப்பிடும்போது, "இது யார் பெயர்?" என்று கேட்கட்டுமே!