இளங்குழந்தையின் வளர்ச்சியும் நம் பொறுப்பும்

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் உடனே தறியை நிறுத்தி முடிச்சிடுகிறார். நாற்றங்காலில் நோய் கண்ட விவசாயி நடவு வரை காத்திருப்பதில்லை. ஆனால் நம் வீட்டுக் குழந்தையின் வளர்ச்சி தடைப்படும்போது, பல மாதங்கள் அதனை அறியாமலே இருந்துவிடுகிறோம். அண்டை வீட்டுக் குழந்தைகளும் மெலிந்தே இருப்பின், நம் குழந்தையின் மெலிவு இயல்பாகவே தோன்றும். எடைத்தராசுதான் உண்மையைக் காட்டும்.

இதற்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. 1980-ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கப்பெற்றது. திண்டுக்கல் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 1985-இல்தான். 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, தாய் காண அட்டையில் குறித்தனர். எடை ஏறாது நின்ற குழந்தைகளுக்கு 90 நாட்கள் கூடுதல் உணவு அளித்தனர், தேறியதும் நிறுத்தினர். தளர்ச்சியைத் தொடக்கத்திலேயே கண்டு தாய்க்கு உணர்த்துவதே அத்திட்டத்தின் உயிர்நாடி.

கருவுற்ற நாள் முதல் இரண்டு வயது முடியவுள்ள ஏறத்தாழ 1,000 நாட்களில் மூளையும் உடலும் விரைந்து வளர்கின்றன. அப்போது நேரும் குறையைப் பின்னர் முற்றும் ஈடுசெய்தல் அரிது. கர்ப்பிணியின் உணவும் ஓய்வும், முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே அளித்தல், பின்னர் தாய்ப்பாலுடன் தக்க உணவு, தூய நீர், தடுப்பூசி ஆகியவை வளர்ச்சிக்கு அடிப்படை. குழந்தையுடன் பேசுவதும் விளையாடுவதும் உணவைப் போன்றே அறிவை வளர்க்கும்.

இவை அனைத்துக்கும் வேண்டுவது நேரம். குழந்தையின் வயிறு சிறியது. ஒரே வேளையில் மிகுதியாக உண்ண இயலாது. 9 மாதத்திற்குப் பின் நாளொன்றுக்கு மூன்று, நான்கு முறை ஊட்ட வேண்டும். தார் சுற்றும் தாய்க்கும் களையெடுக்கும் தாய்க்கும் இதற்கு நேரமேது? ஒட்டன்சத்திரம் சந்தைக்கு முருங்கைக்காய் ஏற்றியனுப்பும் வீட்டில், அம்மரத்தின் கீரையைச் சோற்றுடன் மசித்து ஊட்ட ஆளில்லாமையால் குழந்தை தளர்வதும் உண்டு. அங்கே குறைவது பொருளன்று, கவனிப்பே.

ஆதலின் இதனைத் தாயின் கடமையென்று மட்டும் ஒதுக்கிவிடலாகாது. தந்தையும் பாட்டியும் ஒருவேளை ஊட்டலாம். அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளைச் சங்கப் பலகையில் எழுதி வைக்கலாம். அன்று தார் வேண்டுமென்றோ களை மிகுந்ததென்றோ கூறித் தாயை நிறுத்தி வைக்காதிருப்போமாக. எடை ஏறவில்லையெனில் அடுத்த மாதம் பார்ப்போம் என்றிராது, அன்றே சுகாதார ஊழியரின் ஆலோசனையை நாடுவோமாக.