மண் இல்லாமல் கீரையா?

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பாதி தறி வீடுகள். தறிக்குழி போக மிச்சம் மொட்டை மாடிதான். "சார், பைப்ல தண்ணி ஓடவிட்டு எல்லாரும் கூட்டா காய் போடலாமா, லோன் கிடைக்குமா?" என்று நெசவுக்காரப் பெண்கள் சிலர் வந்தார்கள். பேங்க் புத்தி போகுமா, கணக்குப் போட்டேன்.

அதில் செடிக்குச் சோறு தண்ணீரில் கரைத்த உப்பு உரம். மே மாத மதியம் கரண்ட் போய் மோட்டார் நின்றால், சில மணி நேரத்தில் வேர் காய்ந்து கூட்டுப் பணம் அத்தனையும் போச்சு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 சட்டப்படி, மண்ணில்லாமல் வளர்த்த காய்க்கு இயற்கைச் சான்றும் கிடையாது. வீண் என்று சொல்லமாட்டேன். அல்ஜீரியாவின் டிண்டூப் பாலைவனத்தில் சஹ்ராவி அகதிகள், உலக உணவுத் திட்ட உதவியோடு இப்படித்தான் பார்லித் தீவனம் வளர்த்து ஆடுகளைக் காப்பாற்றினார்கள். அங்கே வேறு வழியில்லை.

நமக்குத் தென்னை நார்க்கழிவு இருக்கிறதே! 2013-ல் அரசு சென்னை, கோவையில் மானியத்தில் கொடுத்த மாடித்தோட்டப் பைகளும் அதை நம்பித்தான். மூன்று தடவை ஊறவைத்துப் பிழியணும். உப்பு போகாவிட்டால் விதை கருகும், முதல் தடவை நான் பட்டது. பாதி நார்க்கழிவு, கால் பங்கு மண்புழு உரம், கால் பங்கு மண். வாரம் ஒருமுறை ஜீவாமிர்தம், பத்துக்கு ஒன்று கலந்து. பட்டு அலசின சாயத் தண்ணீர் மட்டும் ஊற்றிடாதீங்க. சிறுகீரை 25-ஆம் நாள் பறிக்கலாம். லோன் பேச்சை அவர்கள் அப்புறம் எடுக்கவே இல்லை.