வேடந்தாங்கற் பறவைகள்

வேடந்தாங்கல் என்னும் பெயரைக் கேட்டவுடன், அது வேடன் தங்கிய இடம்போலும் என்று எண்ணுவோர் பலர். அப்பெயரின் பிற்பகுதி தங்குதலைக் குறிப்பதன்று. மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிற்றேரியைத் தாங்கல் என்பது தொண்டைநாட்டு வழக்கு. செங்கற்பட்டு மாவட்டத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் தாங்கல் என முடியும் ஊர்ப்பெயர்கள் பல உள. ஆகவே வேடந்தாங்கல் என்பது வேடனுடைய ஏரி என விரியும். வேடன் பெயர்கொண்ட ஏரியிலே பறவைகள் அச்சமின்றிக் குஞ்சு பொரிப்பதும், ஊரார் அவற்றைக் காத்துவருவதும் எவ்வாறு நேர்ந்தன என்பதே யாம் ஈண்டுச் சொல்லப் புகுந்தது.

சென்ற தைத்திங்களில் ஒரு சனிக்கிழமை, விடுதி மாணவர் பன்னிருவர் உயிர்நூற் பேராசிரியர் ஒருவரை உடன்கொண்டு, விடியுமுன் புறப்பட்டோம். காட்டாங்குளத்தூரிலிருந்து பெருஞ்சாலை வழியே தெற்கே சென்று, செங்கற்பட்டைக் கடந்து, படாளம் கூட்டுச்சாலையில் மேற்கே திரும்பினால் ஒன்றரை மணி நேரத்திற்குள் ஊரை அடையலாம். வழியெல்லாம் உறங்கிவந்த நண்பர் இருவர், கரைமீது ஏறியதும் விழித்த விழி மூடாது நின்றனர்.

ஏரி பெரிதன்று, ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புடையது. அதன் நடுவே நீர்க்கடம்பும் கருவேலும் கழுத்தளவு நீரில் நிற்கின்றன. கிளையெல்லாம் கூடு, கூடெல்லாம் குஞ்சு. ஆயினும் கண்ணுக்கு முன்னே மூக்கே அக்காட்சியை எமக்கு அறிவித்தது எனல் வேண்டும். எச்சத்தின் நெடி அத்துணைக் கடுமையானது. அந்நெடியே அவ்வூரின் செல்வம் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

வடகடல்களில் வாழும் பறவைகள் செங்குத்தான கடற்பாறைகளில் முட்டையிடுகின்றன. ஸ்காட்லாந்துக் கரைக்கு அருகில் பாஸ் ராக் என்னும் தனிப்பாறை ஒன்றுண்டு. கானெட் என்னும் வெண்பறவைகள் அடைவதால், தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அது பனி மூடியது போலத் தோன்றும் என்பர். நரியும் பூனையும் ஏறவியலாமையே அத்தகைய இடங்களின் சிறப்பு. எம் சமவெளியில் அத்தகைய பாறை ஏது? ஈண்டுப் பாறையின் தொழிலை நீரே செய்கிறது. மரத்தைச் சுற்றி நீர் நிற்குங்காறும் கூடு ஒரு தீவிலுள்ளது. நீர் வற்றிவிட்டால் அது வெறும் கருவேல மரமே. மழை பொய்த்த ஆண்டுகளில் பறவைகள் மிகக் குறைவாக வருவதற்கும், வந்தவை கூடு கட்டாது செல்வதற்கும் காரணம் இதுவே. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பின்னரே கூடு கட்டும் தொழில் தொடங்குகிறது; பங்குனியளவும் அது நடைபெறும்.

வேடந்தாங்கலில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து குஞ்சு பொரிக்கின்றன என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். இது பொருந்தாது. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடநாடுகளிலிருந்து வருவன என்பது உண்மையே. ஆயின் அவை ஈண்டு விருந்தினர்போல உண்டு உறைந்து, கோடைக்குமுன் தம் நாடு சென்று ஆண்டே முட்டையிடுகின்றன. ஈண்டுக் கூடு கட்டுவன கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, கொக்கு, வக்கா முதலிய நம் நாட்டுப் பறவைகளே. சத்திமுத்தப் புலவர் தூதுவிட்ட நாரை இவற்றுள் எது என்று நண்பர் ஒருவர் வினவ, வடதிசை மீள்வதாக அவர் பாடியமையால் அது ஈண்டுக் கூடு கட்டும் நாரையாகாது என்று மற்றொருவர் மறுத்தார். அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

யாம் நெடுநேரம் நோக்கியது நத்தைகுத்தியையே. அதன் இரு அலகுகளும் நுனியில் பொருந்தி, நடுவில் பொருந்தாது இடைவெளி காட்டும். நத்தையை அவ்விடைவெளியில் இடுக்கி ஓட்டை நொறுக்குமென்று முன்னோர் கருதினர். உண்மை வேறு: கீழலகின் கூர்நுனியை உட்செலுத்தி, ஓட்டோடு ஒட்டிய தசையை அறுத்து, ஓடு உடையாமலே ஊனை எடுத்துவிடுகிறது. சென்னைப் படையில் மருத்துவராயிருந்த ஜெர்டன், கண்கட்டிய நிலையிலும் அப்பறவை இதனைச் செய்தல் கண்டு எழுதினார். குஞ்சுக்கோ அவ்விடைவெளி இல்லை. வளர வளரவே தோன்றும். நண்பகல் வெயிலில் தாய் தன் சிறகுகளை விரித்துக் குடைபோல் நின்று குஞ்சுகளுக்கு நிழல் தந்ததைக் கண்டோம். அதற்கடுத்த மரத்தில், கூழைக்கடாவின் குஞ்சு தாயின் தொண்டைப்பைக்குள் தலை முழுதும் நுழைத்து மீன் உண்டது. தாய் அதனை விழுங்குகிறதோ என்று எம்முள் ஒருவர் அலறியேவிட்டார்.

இனி, நெடியின் செய்திக்கு வருவோம். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் நாடோறும் ஏரியில் விழுந்து கரைகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த அந்நீர் மதகு வழியே வயலிற் பாய்கிறது. கரையில் நின்ற முதியவர் ஒருவரை, “ஐயா, இப்பறவைகளால் உங்களுக்கு என்ன பயன்?” என்று கேட்டோம். “எங்க ஏரித் தண்ணி பாயுற நெல்லுக்கு மூட்டை உரம் அவ்வளவா வேண்டாம், தம்பி,” என்றார் அவர். தீபாவளிக்கும் அவ்வூரில் வெடி வெடிப்பதில்லை.

பறவை எச்சத்தின் மதிப்பை உலகம் பெருநாட்டின் தீவுகளில் அறிந்தது. ஆண்டு, நீர்க்காக இனத்துப் பறவைகளின் எச்சம் மலைபோற் குவிந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனை வெட்டிக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவிற்கு ஏற்றினர். பன்னெடுங்காலம் குவிந்தது சில பத்தாண்டுகளிற் கரைந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவினரோ பாறைகளிற் கயிறுகட்டி இறங்கிப் பறவையையும் முட்டையையும் எடுத்து உண்டே வாழ்ந்தனர். 1930இல் எஞ்சிய 36 பேரும் தீவை விட்டு அகன்றனர். வேடந்தாங்கலார் பறவையை உண்ணவுமில்லை, எச்சத்தை வெட்டி விற்கவுமில்லை. ஆண்டுதோறும் நீர் கொணர்வதைப் பெற்று, ஆண்டுதோறும் காவல் தருகின்றனர். இவ்வொப்பந்தத்தை எம் நாட்டு உழவர் எழுத்தின்றியே செய்துகொண்டமை எமக்குப் பெருமையாகத் தோன்றுகிறது.

எழுத்தில் அமைந்ததும் ஒன்றுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் ஈண்டு வந்து பறவைகளைச் சுட, ஊரார் திரண்டு சென்று கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊரார்க்கு உறுதிசெய்து 1798ஆம் ஆண்டளவில் அவர் கவுல் ஒன்று அளித்தார்; 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. அருகிலுள்ள மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் கோயிலில் தாயார் சந்நிதியைக் கட்டுவித்தவரும் அதே பிளேஸ் துரை என்பர். மீளும்போது அவர் பெயர் பொறித்த கல்வெட்டையும் கண்டோம்.

அக்கவுல் ஏரியைக் காத்தது. ஆயின் ஏரி மட்டும் போதுமா? கூழைக்கடாவும் நாரையும் ஏரியில் தங்குகின்றனவே அன்றி, இரை முழுவதையும் அதனுள்ளே தேடுவதில்லை. சூழ்ந்த வயல்களிலும் தாங்கல்களிலும் நத்தையும் மீனும் தவளையும் தேடி மீள்கின்றன. அந்நிலங்கள் மனையாகிவிட்டால், அல்லது நஞ்சேறிவிட்டால், நீர் நிறைந்த ஏரியிலும் குஞ்சு பட்டினி கிடக்கும். 1998இல் அரசு சரணாலயமாக அறிவித்தபோது ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டரை அதனுட்படுத்தியதன் பொருள் இதுவே. 2020இல் அவ்வெல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு எழ, பலர் எதிர்த்தனர். 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இவ்வேரி இடம்பெற்றது. பட்டியலிற் பெயர் ஏறுதல் நன்றே. ஆயினும் நாரை இரை தேடுவது முதியவருடைய வயலில் என்பதை யாம் மறவோம்.

கதிர் சாயும்பொழுது, இரைதேடச் சென்ற பறவைகள் அணியணியாக மீண்டன. அதே வேளையில், பகலெல்லாம் இலைமறைவில் உறங்கிய வக்காக்கள் எதிர்த்திசையிற் புறப்பட்டன; அவற்றுக்கு இரவே உழைக்கும் காலம். ‘வக், வக்’ எனக் கரகரத்த குரலிற் கூவிச் செல்வதனால் அவை அப்பெயர் பெற்றன போலும் என்றோம். உயிர்நூற் பேராசிரியர் உடனே ஒப்புக்கொண்டார். தமிழ்ப் பேராசிரியர் இன்னும் ஒப்பவில்லை.