நிறுவினோம், நிர்வகிக்கக் கற்றோமா?



நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவைப் பற்றி மேடைகளில் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினராக இருப்போர், தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமை உடையவர்கள் என்று அது கூறுகிறது. அந்த வாசகத்தில் இரண்டு சொற்கள் இருப்பதைச் சற்று நின்று கவனியுங்கள். ஒன்று நிறுவுதல், மற்றொன்று நிர்வகித்தல்.

முதற் சொல்லுக்கு நம் முன்னோர் நன்றாகவே செயல் வடிவம் தந்தார்கள். நிலம் வைத்திருந்தவர் நிலத்தைத் தந்தார். கடல் கடந்து உழைத்தவர் பணத்தை அனுப்பினார். ஊர் ஜமாஅத்தினர் முன்னின்று கட்டடம் எழுப்பினர். திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இரண்டாவது சொல்லுக்கு நாம் என்ன செய்தோம்? கட்டடம் கட்டுவதற்குப் பொறியாளரைத் தேடிய நாம், அதனுள் ஒரு பள்ளியை நடத்துவதற்கென்று படித்தவரைத் தேடினோமா?

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம், கடலூர் என்று இம்மாவட்டத்தில் நம் குடும்பங்கள் செறிந்து வாழும் ஊர்களை எண்ணியே இதனைக் கேட்கிறேன். எனினும் இந்தக் கேள்வி எல்லா ஊர்களுக்கும் பொருந்தும்.

உரிமையும் அதன் எல்லையும்

1958ஆம் ஆண்டு, கேரளக் கல்வி மசோதா பற்றிக் கருத்துரைத்த உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமையாகாது என்பதே அது. 2014ஆம் ஆண்டு அதே நீதிமன்றம், 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினரின் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. இதைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் பலர். ஆனால் அந்தச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிடமும் எதிர்பார்த்த ஒழுங்கை நம் பள்ளிகள் தாமாகவே கடைப்பிடிக்க வேண்டும் என்ற பொறுப்பு அன்றோடு நம் தோள் மீது ஏறிவிட்டது. வெளியிலிருந்து கேட்பவர் குறையும்போது, உள்ளிருந்து கேட்பவர் கூட வேண்டும் அல்லவா?

நிர்வாகம் என்பது என்ன?

"நிர்வாகமா? வரவு செலவு எழுதுவதும் கையெழுத்துப் போடுவதும்தானே!" என்று சிலர் எண்ணக்கூடும். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் நாளன்று உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு, அப்பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் என்பது நிர்ணயம் செய்யப்படுகிறது. சேர்க்கைப் பதிவேடும் வருகைப் பதிவேடும் ஒழுங்காக இல்லையெனில், எண்ணிக்கை சரிவதைக் காலத்தில் கண்டு சரிசெய்யாவிடில், ஒரு பணியிடம் உபரி எனக் கணக்கிடப்படும். இழந்த இடத்தைத் திரும்பப் பெறுவது எளிதன்று. அந்த இடத்தில் அமர்ந்து கணிதம் கற்பிக்க வேண்டிய ஆசிரியை இல்லாமற் போகிறார். இழப்பு நம் பிள்ளைகளுக்கே!

தனியார் பள்ளி எனில், அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை தேவை. இவற்றை வெறும் காகிதங்கள் என்று ஒதுக்குவோர் 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாளை நினைவுகூர வேண்டும். அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில், சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. 94 பிஞ்சு உயிர்கள் மடிந்தன. ஓலைக் கூரையின் கீழ் இத்தனை குழந்தைகளை அமர்த்தலாமா, தீப்பிடித்தால் வெளியேற வழி உண்டா என்று கேட்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை அன்றோ?

கடலூர் மாவட்டத்திற்கு இது இன்னும் பொருந்தும். 2004இல் ஆழிப்பேரலை, 2011இல் தானே புயல், 2015இல் பெருவெள்ளம் என்று இயற்கை இம்மண்ணை மீண்டும் மீண்டும் சோதித்திருக்கிறது. எப்போது பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது, பதிவேடுகளை எங்கே காப்பது, பயந்துபோன குழந்தைகளை எவ்வாறு மீண்டும் வகுப்பில் அமர்த்துவது என்பவற்றையெல்லாம் தலைமையாசிரியரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்தல், புதியவருக்கு வழிகாட்டுதல், வகுப்பைப் பார்வையிட்டுக் குறையை மனம் நோகாமல் சொல்லுதல், கால அட்டவணை வகுத்தல், வரவு செலவுத் திட்டம் தீட்டுதல், பெற்றோரை அரவணைத்தல், சட்டத்தை அறிதல் என்று இத்துறை விரிந்து செல்கிறது. நல்ல ஆசிரியர் ஒருவர் இவற்றையெல்லாம் தாமாகவே அறிந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

சிதம்பரம் சொல்லும் பாடம்

நம் அருகிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயிற்று. தமிழ் வளர்த்த பெருமை அதற்கு உண்டு. அதன் கடல்சார் உயிரியல் உயராய்வு மையம் நம் பரங்கிப்பேட்டையிலேயே அமைந்துள்ளது. எத்தனையோ குடும்பங்களின் முதல் பட்டதாரியை ஈன்ற தாய் அது.

அத்தகைய நிறுவனமே 2012ஆம் ஆண்டின் இறுதியில் கடும் நிதி நெருக்கடியில் சிக்கியது. தேவைக்கு மிஞ்சிய ஆயிரக்கணக்கான பணியாளர்கள், தாங்க முடியாத ஊதியச் சுமை, போராட்டங்கள் என்று நிலைமை முற்றியது. 2013இல் அரசு ஓர் ஆட்சியரை நியமித்தது. அவ்வாண்டே தனிச்சட்டம் இயற்றி அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மிகையான பணியாளர்கள் மாநிலத்தின் பல்வேறு கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டனர். வீட்டையும் பிள்ளைகளின் படிப்பையும் விட்டுத் தொலைவூர் செல்ல நேர்ந்தவர்கள் பலர்.

குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. கொடையும் புகழும் எவ்வளவு பெரிதாயினும், ஆள் நியமனமும் நிதியும் கணக்கோடு நடவாவிடில் எந்த நிறுவனமும் தள்ளாடும். பல்கலைக்கழகத்துக்கே இந்நிலை எனில், நம் ஊர்ப் பள்ளி எம்மாத்திரம்!

எங்கே கற்பது?

பி.எட். முடித்தவர்களுக்கு எம்.எட். படிப்பு உள்ளது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் இதனை இரண்டாண்டுப் படிப்பாக்கின. கல்வி மேலாண்மையும் நிர்வாகமும் அதன் சிறப்புப் பிரிவுகளுள் ஒன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறை நெடுங்காலமாக இயங்கி வருகிறது. கடலூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் சிதம்பரத்துக்குப் பேருந்தும் இரயிலும் உண்டு. மகளை வெகுதூரம் அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

பணியை விட்டுவிட்டுப் படிக்க இயலாதவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பள்ளித் தலைமை மற்றும் மேலாண்மை, கல்வி மேலாண்மை மற்றும் நிர்வாகம் என்னும் பொருள்களில் முதுநிலைப் பட்டயப் படிப்புகளை வகுத்துள்ளது. புதுதில்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம் இத்துறைக்கென்றே அமைந்த நிறுவனம். 1962இல் யுனெஸ்கோவின் ஆசிய மையமாகத் தொடங்கி, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அதன் கீழ் இயங்கும் பள்ளித் தலைமைக்கான தேசிய மையம், பணியிலுள்ள தலைமையாசிரியர்களுக்கு இணையவழிப் பாடத்தையும் உருவாக்கியுள்ளது.

நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். பள்ளி முதல்வராகத் தகுதியுள்ளோர் எனத் தேர்ந்தெடுக்கப்படுவோர், 2001ஆம் ஆண்டு முதல் அங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில் பல மாத காலம் முழுநேரப் பயிற்சி பெறுகின்றனர். அதற்கு முன்னரும் 1984 முதல் கல்வி நிர்வாகப் பட்டயம் இருந்தது. பதவி தருவதற்கு முன்பே அங்கே பயிற்சி தருகிறார்கள். நாமோ பதவியைத் தந்துவிட்டு, "போகப் போகத் தெரிந்துகொள்வார்" என்று இருந்துவிடுகிறோம்.

சேருமுன் ஒரு சொல்

தொலைநிலைப் படிப்பில் சேருவோர் மிகவும் கவனமாக இருங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்குத் தன் அங்கீகாரம் 2014–15 கல்வியாண்டு வரையே இருந்தது என்று 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்துப் படித்தவர்கள் அன்று எவ்வளவு கலங்கியிருப்பார்கள்! அங்கீகார நிலை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. ஆகவே எந்தப் பல்கலைக்கழகமாயினும், நீங்கள் சேரும் ஆண்டுக்கு, நீங்கள் சேரும் படிப்புக்கு அனுமதி உண்டா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பின்னரே பணம் கட்டுங்கள். பெயரின் புகழை நம்பியோ முகவரின் வாய்ச்சொல்லை நம்பியோ சேராதீர்கள்.

யாரை அனுப்புவது?

பட்டம் ஒன்றே நல்ல தலைமையாசிரியரை உருவாக்கிவிடாது என்பது உண்மையே. பட்டயம் எதுவும் இன்றி, அனுபவத்தாலும் அன்பாலும் பள்ளிகளைத் தூக்கி நிறுத்தியவர்களை நாம் அறிவோம். ஆனால் அவர்கள் தவறு செய்து செய்து கற்றார்கள். அந்தத் தவறுகளின் விலையைக் கொடுத்தவர்கள் அக்காலத்து மாணவர்கள். கற்றுத் தெளிந்தபின் அமர்பவரால் அந்த விலையைக் குறைக்க முடியும்.

உங்கள் ஊர்ப் பள்ளியின் ஆசிரியர் அறையை எட்டிப் பாருங்கள். அங்கே அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் நம் சகோதரிகள் அல்லவா? பின்பு நிர்வாகக் குழுவின் கூட்டத்தைப் பாருங்கள். எத்தனை சகோதரிகள் இருக்கிறார்கள்? பத்தாண்டுகள் வகுப்பறையில் நின்று, எந்தப் பிள்ளை ஏன் பின்தங்குகிறது என்று அறிந்த ஒரு பெண், பள்ளியை வழிநடத்தும் இடத்துக்கு வர வேண்டாமா? கணவன்மாரே, மாமியார்மாரே! உங்கள் வீட்டு ஆசிரியை, "மேலும் இரண்டாண்டு படிக்கிறேன்" என்று சொன்னால், "இனி எதற்கு?" என்று கேட்காதீர்கள். மாலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நீங்கள் ஒரு மணி நேரம் தந்தால், அதன் பயன் ஊரார் வீட்டுப் பிள்ளைகள் அனைவரையும் சென்றடையும்.

தாளாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு சுவருக்கு வண்ணம் பூசுவதைத் தள்ளிவைத்து, உங்கள் ஆசிரியர்களில் தகுதியான ஒருவரின் மேற்படிப்புக் கட்டணத்தை எழுதுங்கள். படித்துத் திரும்பியவருக்கு முடிவெடுக்கும் உரிமையையும் தாருங்கள். அந்த உரிமை இல்லாவிடில் அவர் கற்றதெல்லாம் பெட்டிக்குள் பூட்டிய சான்றிதழாகவே கிடக்கும்.

பெற்றோர் காலையில் பள்ளி வாசலில் விட்டுச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையும் அமானிதம். அந்த அமானிதத்தை ஏற்றுக்கொள்ளும் கைகள் பயின்ற கைகளாக இருக்கட்டும். நிறுவியவர்கள் தம் கடமையை முடித்துப் போய்விட்டார்கள். நிர்வகிக்கும் கடமை நம் தலைமுறையின் பங்கு. உங்கள் ஊரில் இவ்வாண்டு ஒருவரேனும் இதற்காகப் படிக்கப் புறப்படுவாரா? இன்றிரவு உணவின்போது வீட்டில் இதைப் பேசிப் பாருங்கள்.