இணையத்தை ஆளும் விதிகளும் அவற்றைக் கற்கும் வழிகளும்

இணைய ஆளுகை என்றதும் அரசாங்கம் இணையத்தைக் கட்டுப்படுத்துவது என்று பலர் பொருள்கொள்வது இயல்பே. ஐக்கிய நாடுகள் அவை அமைத்த பணிக்குழு 2005ஆம் ஆண்டில் வகுத்துத் தந்த விளக்கமோ இதைவிட அகன்றது: அரசாங்கங்களும் தனியார் துறையும் குடிமைச் சமூகமும் தத்தம் பங்குக்கு ஏற்ப ஒன்றுகூடி, இணையம் எவ்வாறு வளர வேண்டும், எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதை வரையறுக்கும் நெறிகளையும் விதிகளையும் முடிவெடுக்கும் முறைகளையும் உருவாக்கி நடைமுறைப்படுத்துவதையே அது இணைய ஆளுகை எனக் குறித்தது. அதே ஆண்டு துனிஸ் நகரில் கூடிய உலகத் தகவல் சமுதாய உச்சிமாநாடு இவ்விளக்கத்தை ஏற்றது. 2006இல் ஏதென்சில் தொடங்கிய இணைய ஆளுகை மன்றம், அரசு அதிகாரியும் பொறியாளரும் தொண்டூழியரும் ஒரே அவையில் அமர்ந்து பேசும் வழக்கத்தை நிலைப்படுத்தியது. ஆயினும் அங்கு நடைபெறும் பேச்சு பொறியியலும் சட்டமும் அரசதந்திரமும் கலந்ததாக இருப்பதால், அதில் பயிற்சி பெறாதவர் அவைக்குள் சென்றாலும் பார்வையாளராகவே நின்றுவிட நேர்கிறது. அந்தப் பயிற்சியை இணையத்தின் வழியாகவே, பணியில் இருப்போர் மாலை நேரங்களில் கற்கும்படி வழங்கும் பாடநெறிகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இருந்துவருகின்றன. கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாழ்வோர் அவற்றை நாட வேண்டிய தேவையை அண்மைக்கால மலேசியச் சட்ட மாற்றங்கள் மிகுத்துள்ளன.

இத்தேவையை விளக்க 2024 செப்டம்பரில் நடந்த நிகழ்வு ஒன்றே போதும். டிஎன்எஸ் எனப்படும் டொமைன் பெயர் முறைமை, பயனர் தட்டச்சு செய்யும் இணையதளப் பெயரைக் கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் எண்முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடாகும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் தொலைபேசிக் கையேட்டின் வேலையை அது செய்கிறது. தடைசெய்யப்பட்ட தளம் ஒன்றை மறைக்க விரும்பும் ஒழுங்குமுறை அமைப்பு, இணையச் சேவை நிறுவனங்கள் தம் டிஎன்எஸ் வழங்கிகளில் அத்தளத்தின் சரியான முகவரியைத் தராதவாறு செய்யச் சொல்கிறது. கூகள், கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்களின் பொது டிஎன்எஸ் சேவையைத் தம் கருவியில் அமைத்துக்கொள்பவரோ அத்தடையைக் கடந்துவிடுகிறார். இந்த வழியை அடைக்கும் பொருட்டு, பொது டிஎன்எஸ் வழங்கிகளை நாடிச் செல்லும் கோரிக்கைகளைத் தம் சொந்த வழங்கிகளுக்கே திருப்பிவிட வேண்டும் என்றும், அதை 30 செப்டம்பர் 2024க்குள் செய்து முடிக்க வேண்டும் என்றும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களைப் பணித்தது. தீங்கான உள்ளடக்கத்திலிருந்து மக்களைக் காப்பதே நோக்கம் என்று கூறிய ஆணையம், 2018 முதல் 2024 ஆகஸ்ட் 1 வரை 24,277 இணையதளங்கள் முடக்கப்பட்டதாகவும், அவற்றில் சூதாட்டத் தளங்களே மிகுதி என்றும் தெரிவித்தது. செய்தி வெளியான சில நாள்களிலேயே பொறியாளர்களும் தொழில்முனைவோரும் அரசியல் தலைவர்களும் எதிர்ப்புத் தெரிவிக்க, செப்டம்பர் 8ஆம் நாள், இந்நடவடிக்கையைத் தொடர வேண்டாமென ஆணையத்துக்குச் சொல்லப்பட்டதாகத் தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அறிவித்தார்.

ஒரு வாரத்துக்குள் முடிந்துபோன இவ்விவகாரம் பாடநூலில் இடம்பெறத் தக்கது. முடிவை மாற்றியதில் எதிர்ப்பின் அளவுக்குப் பங்கு இருந்ததைப் போலவே அதன் தெளிவுக்கும் பங்கு இருந்தது எனக் கருத இடமுண்டு. திருப்பிவிடுதல் என்பது சூதாட்டத் தளத்தை நாடுபவரை மட்டும் தொடுவதன்று, அந்த வலையமைப்பில் பொது டிஎன்எஸ் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் கோரிக்கையையும் தொடுவது என்பதை விளங்கவைக்கப் பொறியியல் அறிவு வேண்டியிருந்தது. இணையத்தைத் தணிக்கை செய்ய இச்சட்டம் இடமளிப்பதாகக் கொள்ளக்கூடாது என்று 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3(3) பிரிவு கூறுவதை நினைவூட்டச் சட்ட அறிவு வேண்டியிருந்தது. மலேசியாவின் தகவல் தொழில்நுட்ப முதலீட்டுத் திட்டமான பல்லூடகப் பெருவழித்தடம் 1996இல் தொடங்கப்பட்டபோது முதலீட்டாளர்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதிகளில் தணிக்கையின்மையும் ஒன்று என்பதை அறிந்திருக்க வரலாற்று அறிவு வேண்டியிருந்தது. இவை மூன்றும் ஒருவரிடத்திலேயே சேர்ந்திருப்பது அரிது. இவற்றைச் சேர்த்துக் கற்பிப்பதே இணைய ஆளுகைப் பயிற்சியின் பணி.

இத்துறையின் பாடத்திட்டத்துக்கு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் யோவான் குர்பாலியா. முன்னாள் யூகோஸ்லாவியாவின் அரசதந்திரியாக இருந்த அவர், மால்டா, சுவிட்சர்லாந்து அரசுகள் இணைந்து 2002இல் நிறுவிய டிப்ளோ அறக்கட்டளையின் நிறுவன இயக்குநர் ஆவார். உள்கட்டமைப்பு, பாதுகாப்பு, சட்டம், பொருளாதாரம், மேம்பாடு, சமூகப் பண்பாடு, மனித உரிமை என ஏழு கூடைகளாக இத்துறையின் சிக்கல்களை அவர் பிரித்துக் காட்டினார். எந்த ஒரு சிக்கலும் ஒரே கூடைக்குள் அடங்குவதில்லை என்பதை மாணவர் தாமாகவே கண்டறியும்படி செய்வதே இப்பிரிப்பின் பயன். சிறிய, வளரும் நாடுகளின் அதிகாரிகள் ஜெனீவாவுக்கோ நியூயார்க்குக்கோ அடிக்கடி செல்ல இயலாது என்னும் எண்ணத்திலிருந்து எழுந்த நிறுவனம் என்பதால், டிப்ளோ தொடக்கத்திலிருந்தே இணையவழிக் கல்வியைத் தன் இயல்பான வழியாகக் கொண்டது.

அதன் கற்பித்தல் முறை சற்று நின்று நோக்கத்தக்கது. காணொளிச் சொற்பொழிவைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதும் வகையைச் சேராமல், பாடவுரையை வரிவரியாகப் படித்து, ஐயம் எழும் சொல்லிலேயே குறிப்பு ஒன்றைப் பதிந்து, அதன்மேல் சக மாணவரும் வழிநடத்துநரும் மறுமொழி எழுத, உரையின் ஓரத்திலேயே விவாதம் வளரும் முறையை அது கையாள்கிறது. குழுக்கள் சிறியவை, வாரம் ஒருமுறை குறித்த நேரத்தில் இணையவழிக் கலந்துரையாடல் நடைபெறும், மற்ற நேரமெல்லாம் மாணவர் தம் வசதிப்படி படிக்கலாம். ஒரே பத்தியின் கீழ் ஆப்பிரிக்க நாடொன்றின் ஒழுங்குமுறை அதிகாரியும் பசிபிக் தீவொன்றின் பொறியாளரும் கோலாலம்பூர் வழக்கறிஞரும் முரண்பட்டு எழுதும்போது, கொள்கை என்பது ஏன் ஒரே விடையுடைய கணக்காக இருக்க முடியாது என்பது விளங்கிவிடுகிறது. பழைய உரையாசிரியர் மரபில் மூலத்தைச் சுற்றி விளக்கமும் மறுப்பும் அடுக்கப்படுவதைக் கண்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. இங்குக் கட்டணம் உண்டு; உதவித்தொகையும் ஓரளவு உண்டு. மால்டா பல்கலைக்கழகத்துடன் இணைந்து முதுகலைப் பட்டம் வரை செல்லும் வழியும் அமைந்துள்ளது.

கட்டணம் செலுத்த இயலாதவர்க்கும் வழிகள் உள்ளன. உலகின் டொமைன் பெயர்களையும் எண்முகவரிகளையும் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு, தன் இணையவழிப் பாடங்களை இலவசமாகத் தருகிறது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு எண்முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் ஏப்நிக், வலையமைப்புப் பொறியாளர்களுக்கான இலவசப் பயிற்சிக்கூடத்தை நடத்துகிறது. இணையச் சங்கமும் அறிமுகப் பாடங்களை வழங்குகிறது. ஐகேன் தன் பொதுக் கூட்டத்தை 2004 ஜூலையிலும் 2022 செப்டம்பரிலும் கோலாலம்பூரிலேயே நடத்தியது என்பதும், அக்கூட்டங்களில் எவரும் பதிவுசெய்து கட்டணமின்றிக் கலந்துகொள்ளலாம் என்பதும் இங்கு இன்னும் பரவலாக அறியப்படவில்லை.

கிள்ளானில் இத்தேவை வேறு முகம் கொள்கிறது. தெங்கு கிளானா சாலையின் நகைக்கடை தன் சேமிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் அடையாள அட்டை எண்களை வைத்திருக்கிறது. துறைமுகத்தைச் சார்ந்த சரக்கு நிறுவனம் ஓட்டுநர்கள், வாடிக்கையாளர்கள் ஆகியோரின் விவரங்களைச் சேர்த்துவைக்கிறது. மருந்தகங்கள் நோயாளர் குறிப்புகளைக் கணினியில் ஏற்றியுள்ளன. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, 1 ஜூன் 2025 முதல், 20,000 பேருக்கு மேற்பட்டோரின் தரவையோ 10,000 பேருக்கு மேற்பட்டோரின் உடல்நலம் போன்ற நுண்தரவையோ கையாளும் நிறுவனம் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்தாக வேண்டும் என்ற கடமை நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட அளவிலான தரவுக் கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். சட்டத்தின் அடிப்படை நெறிகளை மீறுவோருக்கான உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாகவும், சிறைத் தண்டனை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகவும் உயர்ந்தது. தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்குக் குறைந்தபட்சக் கல்வித்தகுதி எதையும் ஆணையரின் வழிகாட்டி வரையறுக்கவில்லை. ஆனால் சட்டத்தையும் நிறுவனத்தின் தரவுப் பணிகளையும் அறிந்திருக்க வேண்டும், மலாய், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் தேர்ச்சி வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. கணக்குப் பிரிவிலோ மனிதவளப் பிரிவிலோ பல ஆண்டுகள் உழைத்த எழுத்தர் ஒருவர் உரிய பயிற்சியால் இப்பொறுப்புக்கு உயர முடியும் என்பதே இதன் பொருள். பட்டம் பெறும் வாய்ப்பை இழந்த தலைமுறை ஒன்றுக்கு இத்தகைய கதவுகள் அடிக்கடி திறப்பதில்லை.

பயிற்சிச் செலவுக்கும் வழியுண்டு. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களைக் கொண்ட, சட்டம் குறிப்பிடும் துறைகளைச் சேர்ந்த முதலாளிகள் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கோர்ப் எனப்படும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவியாகச் செலுத்துகின்றனர். கழகம் ஏற்கும் பயிற்சிகளுக்கு அத்தொகையிலிருந்தே ஈடு கோரலாம். இந்த வசதியால் ஓரிரு நாளில் சான்றிதழ் தரும் பயிற்சிகள் பெருகியுள்ளதையும் கவனிக்க வேண்டும். படிவங்களை நிரப்பக் கற்பிப்பதோடு அவை நின்றுவிட்டால், கசிவு நேர்ந்த இரவில் யாருக்கு எதை முதலில் அறிவிப்பது என்று முடிவெடுக்க அவற்றால் ஒருவரை ஆயத்தப்படுத்த இயலாது. வெளிநாட்டுப் பாடநெறிகளிலோ வேறொரு குறை உண்டு: அவை ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டத்தை அளவுகோலாகக் கொள்வதால், மலேசியச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்பது போன்ற அடிப்படை வேறுபாடுகளை மாணவர் தாமே தேடி அறிய வேண்டியுள்ளது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், கடைத்தெருவுக்கும் பூமாலைக்கும் பெயர்பெற்ற அளவுக்கு, 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் இருப்பிடமாகவும் நெடுங்காலமாக அறியப்படுவது. திரையில் உள்ளதை உரத்துப் படிக்கும் மென்பொருளைக் கொண்டு இணையத்தைப் பயன்படுத்துவோருக்கு, படத்துக்கு எழுத்து விளக்கம் இல்லாத வங்கித் தளமும் பெயரிடப்படாத பொத்தானைக் கொண்ட செயலியும் பூட்டிய கதவுகளே ஆகும். இணையதளங்கள் அனைவருக்கும் எட்டும்படி அமைய வேண்டிய முறையை வகுக்கும் உலகத்தர வழிகாட்டிகள் உள்ளன. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் தகவல் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையைப் பேசுகிறது. ஆனால் வழிகாட்டியைக் கொள்முதல் ஒப்பந்தத்தின் நிபந்தனையாக்குவதும், அதைச் செயலி உருவாக்குநரிடம் வலியுறுத்துவதும் கொள்கை அறிந்தவரின் வேலை. அவ்வேலையைப் பார்வையற்றவர் ஒருவரே பயின்று செய்வது, அவர் சார்பில் பிறர் பேசுவதைவிடப் பன்மடங்கு பயன்தரும். எழுத்துரையை மையமாகக் கொண்ட இணையவழிப் பாடம் திரைவாசிப்பு மென்பொருளுக்கு எளிதில் இசைவது இங்கு ஒரு நற்பேறு.

கணினித் தமிழ் வரலாற்றில் கோலாலம்பூருக்கு உரிய இடம் பெரிது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருள் 1980களில் இங்கே உருவானது. 2000இல் அமைந்த உத்தமம் அமைப்பு தன் தமிழ் இணைய மாநாட்டை 2001இலும் 2013இலும் இந்நகரில் நடத்தியது. எழுத்துருவும் குறியீடும் பற்றிய அந்நாளைய விவாதங்கள் உண்மையில் இணைய ஆளுகை விவாதங்களே. இன்று அதன் தொடர்ச்சி டொமைன் பெயர்களில் உள்ளது. 2009இல் ஐகேன் திறந்த விரைவு வழியில், ஒரு நாட்டின் ஆட்சிமொழிகளில் எழுதிய பெயரே அந்நாட்டின் மேல்நிலை டொமைனாக ஏற்கப்பட்டது. அதனால் 2010, 2011 ஆண்டுகளில் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாட்டுப் பெயர்களும் தமிழ் எழுத்தில் இணையத்தின் வேர்ப்பட்டியலில் ஏறின. மலேசியாவின் பெயரோ ஜாவி எழுத்தில் ஏறியது, தமிழில் ஏறவில்லை. இதை மனக்குறையாக மட்டும் வைத்துக்கொள்வதால் பயனில்லை. நாட்டுப் பெயர் அல்லாத பொதுப் பெயர் வகையில் ஆட்சிமொழி நிபந்தனை கிடையாது. அவ்வகைக்கான அடுத்த விண்ணப்பச் சுற்றை 2026 ஏப்ரலில் திறப்பதாக ஐகேன் அறிவித்தது. ஒரு விண்ணப்பத்துக்கு 2,27,000 அமெரிக்க டாலர் கட்டணம் என்பது எளிய தொகையன்று. ஆனால் தொண்டமைப்புகளும் வளரும் நாடுகளின் சிறுநிறுவனங்களும் கட்டணக் குறைப்புக் கோரும் திட்டமும் 2025 வரை அதனுடன் திறந்திருந்தது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே உருவத்தால் ஒத்த எழுத்துகளை வைத்து ஏமாற்றுப் பெயர்கள் பதிவாகாதபடி தடுக்கும் விதிகளைத் தன்னார்வலர் குழுவே வகுத்தது என்பதையும் நோக்கும்போது, இவ்வேலைக்கு மொழியறிஞரும் தேவை என்பது புலனாகும்.

இத்தனைக்கும் தமிழில் முறையான பாடநெறி எதுவும் பரவலாகக் கிடைப்பதில்லை; ஆங்கிலத்தில் கற்றவர் தமிழ்ச் சங்கக் கூடத்திலோ பள்ளி முன்னாள் மாணவர் குழுவிலோ எடுத்துச் சொன்னால்தான் செய்தி வீடுகளை எட்டுகிறது. அவ்வாறு எட்டுவதன் அவசரத்தைக் கால அட்டவணையே காட்டுகிறது. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஆகஸ்ட் 26இலும், நாட்டில் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் கொண்ட சமூக ஊடகங்களுக்கான உரிமக் கடமை 2025 ஜனவரி 1இலும், தரவுப் பகிர்வுச் சட்டம் 2025 ஏப்ரலிலும், இணையவழித் தீங்குகளிலிருந்து பயனரைக் காக்கும் சட்டம் 2026 ஜனவரி 1இலும் நடைமுறைக்கு வந்தன. ஒவ்வொன்றின் பின்னும் வழிகாட்டிகளும் துணைவிதிகளும் தொடர்கின்றன. சிலவற்றின் வரைவு பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்படுகிறது. தரவுப் பாதுகாப்பு அதிகாரி நியமனம் பற்றிய கருத்துக்கேட்பு அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியாகிச் செப்டம்பர் தொடக்கத்தில் முடிவுற்றது. கருத்துக் கூற விரும்புவோர், அந்தச் சில வாரங்களுக்குள் வரைவைப் படித்து, எந்தப் பிரிவு தம் தொழிலையும் வாடிக்கையாளரையும் எவ்வாறு தொடும் என்று கண்டு, மாற்று வாசகத்தை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பியாக வேண்டும்.