கூல்டிரிங்ஸ் கேனுக்குள் ஒரு பிளாஸ்டிக் சட்டை! பாண்டி பீச் கேனுக்குக் காசு... சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஏன் இல்லை?

சனிக்கிழமை சாயங்காலம். வண்டிகள் நிறுத்தப்பட்ட புதுச்சேரி பீச் ரோட்டில் காந்தி சிலையைச் சுற்றி நல்ல கூட்டம். அப்பா கையில் கூல்டிரிங்ஸ் கேன், குழந்தை கையில் சிப்ஸ் பாக்கெட். பத்தே நிமிடத்தில் இரண்டும் காலி. இரண்டும் ஒரே குப்பைத்தொட்டிக்குப் போகின்றன.

ஆனால், அதன் பிறகு இரண்டின் பாதையும் வேறு. பழைய பொருள் சேகரிப்பவர் தொட்டியைக் கிளறி, கேனை எடுத்து மிதித்து நசுக்கி சாக்கில் போட்டுக்கொள்வார். பாக்கெட்டைத் தொடக்கூட மாட்டார். இத்தனைக்கும் இரண்டும் உள்ளே வெள்ளி போலத்தான் மின்னுகின்றன. இரண்டிலுமே உலோகமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

"பாக்கெட்டில் பிளாஸ்டிக் சரி, கேனில் எங்கே பிளாஸ்டிக்?" என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது!

கேனுக்குள் ஒரு சட்டை

கூல்டிரிங்ஸ் என்பது புளிப்பான திரவம். பாஸ்பாரிக் அமிலம், சிட்ரிக் அமிலம் எல்லாம் அதில் உண்டு. வெறும் அலுமினியத்தில் ஊற்றி மாதக்கணக்கில் வைத்தால், அமிலம் உலோகத்தை அரிக்கும். பானத்தின் ருசி கெடும். கேன் ஓட்டையாகவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் ஒவ்வொரு கேனின் உள்பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது.

ஆய்வகத்தில் இதை அழகாக நிரூபிப்பார்கள். கேனின் வெளிப்பூச்சைச் சுரண்டிவிட்டு, கடுமையான காரக் கரைசலில் இறக்குவார்கள். அலுமினியம் முழுக்கக் கரைந்துபோக, பானம் மட்டும் ஒரு மெல்லிய பையில் அப்படியே நிற்கும்! (குட்டீஸ், இதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். அந்தக் கரைசல் தோலைப் பொசுக்கும். தீப்பிடிக்கும் வாயுவும் வெளிவரும்.)

பிரான்ஸில் தொடங்கிய கதை

நம் ஊரை ஆண்ட பிரான்ஸுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. நெப்போலியன் காலத்தில், படைவீரர்களுக்குக் கெடாத உணவு தேவைப்பட்டது. உணவைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, மூடி, கொதிநீரில் வேகவைக்கும் முறையைக் கண்டுபிடித்த நிக்கோலா அப்பேர் என்ற சமையல் நிபுணருக்கு, 1810-ல் பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் பரிசளித்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டூராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார்.

உடையாத டப்பா கிடைத்துவிட்டது. ஆனால், உணவு உலோகத்தை அரிக்காமல் தடுப்பது எப்படி என்ற தலைவலியும் கூடவே வந்தது. முதலில் இரும்பின் மேல் வெள்ளீயம் பூசினார்கள். பிறகு உள்ளே எபாக்ஸி என்ற பிசினைத் தெளித்து, சூடாக்கி இறுக வைத்தார்கள். இன்றும் உலகின் பல கேன்களில் இருப்பது எபாக்ஸிதான்.

எபாக்ஸியில் ஒரு சிக்கல். அதைத் தயாரிக்க பிஸ்பெனால்-ஏ என்ற வேதிப்பொருள் பயன்படுகிறது. அது மிகச் சிறிய அளவில் உணவில் கசியக்கூடும். ஒருவர் உடலில் தினமும் சேரலாம் என்று சொல்லப்பட்ட அளவை, 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 20,000 மடங்கு குறைத்தது. உணவைத் தொடும் பொருள்களில் அதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை, 2025 ஜனவரி 20-ல் அமலுக்கு வந்தது. தொழிற்சாலைகள் மாறிக்கொள்ள அவகாசமும் தந்திருக்கிறார்கள்.

தாத்தாவின் டெரிலீன் சட்டை

எபாக்ஸிக்கு மாற்றாக இருக்கும் வழிகளில் ஒன்று நமக்குப் பழகிய பொருள்தான். பாலியஸ்டர்!

1941-ல் இங்கிலாந்தில் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டெனன்ட் டிக்சனும் துணி நெய்யும் இழைக்காகக் கண்டுபிடித்த பொருள் இது. தாத்தா ஆசை ஆசையாகப் போட்ட டெரிலீன் சட்டை அதில் வந்ததுதான். தண்ணீர் பாட்டிலும் அதே பொருள்தான். அதையே மெல்லிய ஃபிலிமாக இழுத்து, சூடான உலோகத் தகட்டின் மேல் வைத்து உருளைகளால் அழுத்தினால், ஃபிலிம் லேசாக இளகி பசை இல்லாமலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு தகட்டை டப்பா வடிவத்துக்கு இழுக்கும்போது, கிழியாமல் ஃபிலிமும் கூடவே நீளும். இதில் பிஸ்பெனால்-ஏ தேவையில்லை.

ஜப்பானின் டோயோ சைகான் நிறுவனம் 1990-களின் தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட கேன்களைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. வழக்கமான முறையில் கேனை எண்ணெய் தடவி இழுத்து, பிறகு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஃபிலிம் ஒட்டிய தகட்டுக்கு அந்தக் கழுவல் தேவையில்லை என்பதால், தண்ணீரும் மிச்சம்.

மீன் குழம்பு பாக்கெட்டிலும் இதே கூட்டணி

கடையில் 'ரெடி டு ஈட்' மீன் குழம்பு, பிரியாணி பாக்கெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். வெளியே பாலியஸ்டர், நடுவில் அலுமினியத் தாள், உள்ளே பாலிபுரோப்பிலின் என்று அடுக்குகளாக ஒட்டிய பை அது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம்மூர் மீன் குழம்புகளை இப்படி அடைப்பதில் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி செய்துவருகிறது. அடைத்த பையைச் சுமார் 121 டிகிரி வெப்பத்தில் வேகவைப்பதால், ஃபிரிட்ஜ் இல்லாமலேயே குழம்பு மாதக்கணக்கில் கெடாது.

சிப்ஸ் பாக்கெட்டில் தாள்கூட இல்லை. வெற்றிட அறையில் அலுமினியத்தை ஆவியாக்கி, பாலியஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலின் ஃபிலிமின் மேல் படிய வைக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அந்தப் படலத்தின் தடிமன்!

காயலான் கடைக் கணக்கு

இப்போது பீச் ரோட்டுக் கேள்விக்கு வருவோம். ஒரு கேனில் சுமார் 13 கிராம் அலுமினியம் இருக்கிறது. உருக்கும்போது உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் எரிந்துபோகும், உலோகம் மிஞ்சும். தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுப்பதைவிட, இப்படி உருக்கி எடுக்க ஏறக்குறைய 95% மின்சக்தி குறைவு. அதனால்தான் கேனுக்குக் காசு.

பாக்கெட்டில் கதை தலைகீழ். பிளாஸ்டிக் அதிகம், உலோகம் பெயருக்கு. பிளாஸ்டிக்காக உருக்க உலோகம் தடை. உலோகமாக உருக்க அதில் சரக்கே இல்லை. காற்றும் ஈரமும் நுழையாமல் நொறுக்குத்தீனியைக் காப்பாற்றிய அதே ஒட்டல்தான், பிறகு பிரிக்க முடியாத குப்பையாகவும் ஆக்குகிறது. கிடைக்கும் வழிகளில் ஒன்று, சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாவது. தெருவில் விழுந்தால் அதற்கும் வழியில்லை. வாய்க்கால், கடல், இல்லாவிட்டால் குருமாம்பேட் குப்பைக் கிடங்கு.

2022 ஜூலை 1-ல் நாடு முழுக்க ஸ்ட்ரா, பிளாஸ்டிக் ஸ்பூன் போன்றவை தடை செய்யப்பட்டன. அந்தப் பட்டியலில் சிப்ஸ் பாக்கெட் இல்லை. பல அடுக்கு பேக்கேஜிங்குக்குத் தனிப் பிரிவு வைத்து, அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தியது மத்திய அரசின் 2022 பிப்ரவரி விதி.

வீட்டில் கவனிக்க...

* டப்பாவை, கேனை அப்படியே அடுப்பில் வைக்காதீர்கள். உள்பூச்சு சிதையும், மூடியிருந்தால் வெடிக்கும்.
* உப்பிய டப்பாவையும், மோசமாக நசுங்கிய டப்பாவையும் வாங்காதீர்கள்.
* திறந்த பிறகு மிச்சத்தை எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.
* காலி டப்பாவில் ஊறுகாய், புளி வைக்க வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில் அமிலம் உலோகத்தைத் தொட்டுவிடும்.
* சருகோடு சேர்த்து சிப்ஸ் பாக்கெட்டை எரிக்காதீர்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது நம் வீட்டுக் குழந்தைகள்தான்.
* கேனையும் பாக்கெட்டையும் தனித்தனியாகப் போடுங்கள். குப்பை எடுக்க வருபவரின் கை அழுக்குக்குள் துழாவ வேண்டியிருக்காது.

கேனுக்கு விலை இருப்பதால், அதைத் தேடி யாராவது வருவார்கள். பாக்கெட்டுக்கு விலை இல்லை, அதைத் தேடி யாரும் வர மாட்டார்கள். அடுத்த முறை பீச்சுக்குப் போகும்போது, காலி பாக்கெட்டை மடித்து உங்கள் பையிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவாருங்களேன்!